கல்லீரலுக்கு எத்தனை வயது?

அன்புள்ள ஐயா,

எனக்கு 63 வயது. குடிப்பழக்கம் கிடையாது. ஆனாலும் ஸ்கேனில் கொழுப்புக் கல்லீரல், கிரேடு 1 என்று வந்திருக்கிறது. அமெரிக்காவிலிருந்து மகன் என்.எம்.என். என்ற சத்து மாத்திரை அனுப்பியிருக்கிறான். வயதான கல்லீரலை இளமையாக்குமாம். சாப்பிடலாமா? கீழாநெல்லியும் சேர்க்கலாமா? சீரியல் முடிந்து பத்தரைக்குத்தான் இரவுச் சாப்பாடு. மற்றபடி ஒழுங்கான வாழ்க்கை.

எஸ்., கோவில்பட்டி

அன்புள்ள எஸ்.,

கீழாநெல்லியை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். என்.எம்.என்.னை 2021இல் அமெரிக்காவில் சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த பெண்களுக்குப் பத்து வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். தசை கொஞ்சம் இன்சுலின் பேச்சைக் கேட்டது. கல்லீரல் கொழுப்பு இருந்தபடியே இருந்தது. அவ்வளவுதான்.

உங்கள் கல்லீரலுக்கு 63 வயது என்று யார் சொன்னது? அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கலந்த கார்பன்-14 என்ற கதிரியக்கக் கரி செல்லுக்குள் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து, அந்தச் செல் எப்போது பிறந்தது என்று ஜெர்மனியின் டிரெஸ்டன் ஆய்வாளர்கள் 2022இல் கணக்குப் போட்டார்கள். இருபது வயதானாலும் எண்பத்து நாலானாலும் கல்லீரல் செல்களின் சராசரி வயது மூன்றுக்கும் கீழே. வயதாக ஆக ரத்த ஓட்டம் குறையும், கொழுப்பைக் கரைக்கும் வேகம் தளரும், உண்மைதான். ஆனால் வேலைக்கு வருகிறவர்கள் என்னவோ புது ஆட்கள். அவர்களை ராத்திரி பத்தரைக்கு எழுப்பி மூட்டை தூக்கச் சொல்கிறீர்கள். இதற்குப் பெயர் ஒழுங்கா?

கல்லீரலுக்குத் தனிக் கடிகாரம் உண்டு ஐயா. எலிகளுக்குத் தூங்கும் வேளையில் மட்டும் தீனி வைத்துப் பார்த்திருக்கிறார்கள். மூளையின் கடிகாரம் வெளிச்சத்தைப் பார்த்து அசையாமல் இருந்தது. கல்லீரலின் கடிகாரம் தீனிக்குப் பின்னால் போய்விட்டது. ஒரே உடம்புக்குள் இரண்டு மணி!

எங்கள் ஆச்சி ஆறரைக்கே தட்டு வைத்துவிடுவாள். ஆரோக்கியத்துக்காக என்று நினைக்காதீர்கள், மண்ணெண்ணெயை மிச்சம் பிடிக்க. விளக்கை அணைத்த பிறகு நாங்கள் "பசிக்குது ஆச்சி" என்றால், "பேசாமப் படுங்கலே, வயிறும் ஒறங்கட்டும்" என்று இருட்டுக்குள்ளிருந்து குரல் வரும். யாருக்காவது விபத்து என்றால் அவள் நெஞ்சைப் பிடிக்கமாட்டாள், "ஈரக்கொல பதறுதே" என்று அடிவயிற்றைப் பிடிப்பாள். கவிஞர்கள் எல்லாம் இதயத்தோடு போய்விட்டார்கள். ஒன்றரைக் கிலோ கனத்தில் இங்கே ஒன்று கிடப்பதை அவள்தான் நினைவில் வைத்திருந்தாள்.

புட்டியை மகனிடம் திருப்பி அனுப்பாதீர்கள், பாவம், பாசத்தில் வாங்கியது. சீரியலை வேண்டுமானால் பத்தரை வரை பாருங்கள். தட்டை மட்டும் ஏழு மணிக்கே கழுவி வைத்துவிட்டு.