யாரிடம் போய் ‘விட்டுக்கொடு’ என்கிறோம்? கத்தோலிக்கத் திருமணமும் மணமுறிவும்: கேள்வி பதில்

திருச்சபைச் சட்டம் படித்து, குடும்ப நீதிமன்றத்திலும் மறைமாவட்டத் தீர்ப்பாயத்திலும் (ஆயரின் கீழுள்ள திருச்சபை நீதிமன்றம்) வழக்காடும் கத்தோலிக்கப் பெண் வழக்கறிஞர் ஒருவர் கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார். கேட்டவர்களின் பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

குடித்துவிட்டு அடிக்கும் கணவனிடமிருந்து என் மகள் இரண்டு பிள்ளைகளோடு வந்துவிட்டாள். மணமுறிவுக்கு மனு கொடுத்திருக்கிறோம். “கொஞ்சம் பொறுத்துப் போயிருக்கலாம், இந்தக் காலத்துப் பெண்களுக்குச் சுயநலம்” என்று அன்பியக் கூட்டத்திலேயே (பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் செபக்குழு) பேசுகிறார்கள். மனு கொடுத்ததிலிருந்து அவள் திருப்பலியில் நற்கருணை அப்பம் வாங்குவதில்லை. அவள் செய்தது பாவமா? (ஒரு தாய், நாகர்கோவில்)

அம்மா, வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகளைத் திருப்பலிக்கு அழைத்துப்போய் நற்கருணை வாங்கச் சொல்லுங்கள். கணவனைப் பிரிந்திருப்பதும் நீதிமன்றத்தில் மனு கொடுத்திருப்பதும் அதற்குத் தடையே அல்ல. இதை யார் மறுத்தாலும் கீழே எழுதியிருப்பதைக் காட்டுங்கள்.

திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1153ஆம் எண், துணைவருக்கோ பிள்ளைகளுக்கோ உடலளவிலோ மனத்தளவிலோ பெரும் ஆபத்தை உண்டாக்குபவரை விட்டுப் பிரிய மற்றவருக்கு நியாயம் உண்டு என்கிறது. தாமதித்தால் ஆபத்து என்றால் ஆயரின் ஆணைக்குக்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை, தாமாகவே பிரியலாம். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் (எண் 2383) இன்னும் ஒரு படி மேலே போகிறது. பிள்ளைகளின் பராமரிப்பு, சொத்துரிமை போன்றவற்றைக் காக்க வேறு வழியே இல்லையென்றால், நீதிமன்ற மணமுறிவு பெறுவது குற்றமாகாது என்கிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் குடும்பம் பற்றி வெளியிட்ட மடலில், பலவீனமானவரையும் பிள்ளைகளையும் காப்பாற்றப் பிரிவது சில வேளைகளில் அறநெறிப்படியே அவசியமாகிவிடுகிறது என்று எழுதினார். மறுமணம் செய்யாமல் வாழும் மணமுறிவு பெற்றவர்கள் நற்கருணையில் வலிமை பெற ஊக்குவிக்கப்பட வேண்டும் என்றும் அதே மடலில் இருக்கிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீதிமன்றம் தரும் தீர்ப்பால் திருச்சபையின் பார்வையில் திருமணப் பிணைப்பு அறுந்துவிடாது. அவள் இன்னொருவரை ஆலயத்தில் மணக்க வேண்டுமென்றால் அதற்குத் தனி விசாரணை உண்டு. அதைப் பற்றி அடுத்த பதிலில் எழுதுகிறேன்.

அன்பியத்தாரிடம் எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. அவன் குடித்துவிட்டு அடித்த இத்தனை ஆண்டுகளில் எத்தனை பேர் அவன் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து “விட்டுக்கொடுத்துப் போ தம்பி” என்று சொன்னீர்கள்? என்னிடம் வரும் வழக்குகளில் அடிவாங்கியவளுக்குத்தான் எப்போதும் அறிவுரை. திருமணத்தன்று பீடத்தின் முன்னால் வலக்கை பிடித்து “என் வாழ்நாளெல்லாம் உன்னை நேசிக்கவும் மதிக்கவும் வாக்களிக்கிறேன்” என்று அவனும்தான் சொன்னான். குடும்பத்தை உடைத்தவர் யார் என்று பார்க்க, அந்த வாக்கை முதலில் மீறியவர் யார் என்று பாருங்கள்.

ஒரு நடைமுறைக் குறிப்பு: அரசு மருத்துவமனையில் காயத்துக்குத் தையல் போட்ட சீட்டு இருந்தால் பத்திரமாக வையுங்கள். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாப்பு ஆணையும் குடியிருப்பு ஆணையும் கேட்கலாம். மணமுறிவு வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

திருமணம் செல்லாது என்று திருச்சபை அறிவிப்பது வசதி படைத்தவர்களுக்கான கத்தோலிக்க விவாகரத்துதானே? பெயரை மட்டும் மாற்றிவைத்திருக்கிறீர்கள். (ஒரு மாணவர், திருச்சி)

தம்பி, இரண்டும் கேட்கும் கேள்விகளே வேறு. குடும்ப நீதிமன்றம், இருந்த திருமணம் இனித் தொடர வேண்டுமா என்று பார்க்கிறது. தீர்ப்பாயம், மணநாளன்று அங்கே உண்மையான சம்மதம் இருந்ததா என்று பார்க்கிறது. அன்று சம்மதம் முழுமையாக இருந்திருந்தால், பிறகு வாழ்க்கை எவ்வளவு கசந்தாலும் திருமணம் திருமணம்தான்.

ஒரு வழக்கைச் சொல்கிறேன், அடையாளங்களை மாற்றி. திருமணமான முதல் மாதத்தில் ஒரு பெண், கணவனின் அலமாரியில் பழைய சட்டைகளுக்கு அடியில் மாத்திரை அட்டைகளைப் பார்க்கிறாள். அட்டையின் பின்புறம் மருந்தின் பெயர் இருக்கும் இடம் மட்டும் நகத்தால் சுரண்டப்பட்டிருக்கிறது. மாமியார் “சத்து மாத்திரை” என்கிறார். பல ஆண்டுகளாகக் கடும் மனநோய்க்குச் சிகிச்சை நடந்துவந்தது பிறகு தெரிகிறது. நோய் குற்றமல்ல. நோயுள்ளவர் மணம் செய்யவே கூடாது என்றும் திருச்சபைச் சட்டம் சொல்லவில்லை. ஆனால் இல்லற வாழ்வைக் கடுமையாகப் பாதிக்கக்கூடிய ஒன்றை, சம்மதம் வாங்குவதற்காகவே மறைத்தால் அது ஏமாற்று; சட்ட எண் 1098இன்படி அந்தச் சம்மதம் செல்லாது. கட்டாயத்துக்கும் கடும் அச்சத்துக்கும் பணிந்து தந்த சம்மதத்தை எண் 1103 பேசுகிறது. இல்லறக் கடமைகளை ஏற்கும் மனத்திறன் அறவே இல்லாத நிலையை எண் 1095 பேசுகிறது. இப்படி இன்னும் சில உண்டு. “அவளுக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை” என்பது இந்தப் பட்டியலில் இல்லை.

விசாரணையில் இரு தரப்புக்கும் பதில் சொல்ல வாய்ப்பு உண்டு, சாட்சிகளும் விசாரிக்கப்படுவார்கள். அந்தத் திருமணம் செல்லும் என்று வாதாடவே திருச்சபை ஒருவரை நியமிக்கிறது. முன்பு இரண்டு தீர்ப்பாயங்கள் ஒரே மாதிரி தீர்ப்பளித்தால்தான் முடியும். 2015இல் பிரான்சிஸ் அந்த இரண்டாவது தீர்ப்புத் தேவையை நீக்கினார். பணியாளர்களின் நியாயமான ஊதியம் நீங்கலாக, இயன்ற அளவு இலவசமாகவே நடத்த வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். பணம் இல்லாதவர் அதைத் தீர்ப்பாயத்தில் தெரிவிக்கலாம், கூச்சப்பட வேண்டாம்.

அதிகாரம் உள்ளவர்கள் இதை வளைத்ததே இல்லையா என்றால், வளைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி கேட்டதும் விவாகரத்து அல்ல, செல்லாது என்ற அறிவிப்புதான்; உரோமை மறுத்தது. ஆனால் அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பு பிரான்சின் பன்னிரண்டாம் லூயி கேட்டபோது, திருத்தந்தை ஆறாம் அலெக்சாண்டர் காலத்தில், 1498இல் அது கிடைத்துவிட்டது. அரசியல் கணக்குகள் இல்லாமல் அது நடக்கவில்லை. கைவிடப்பட்ட அந்த அரசி ஜேன் பிறகு ஒரு துறவற சபையைத் தொடங்கினார். திருச்சபை அவரை 1950இல் புனிதையாக அறிவித்தது. லூயிக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை!

இன்னொன்று: தீர்ப்பாயத்தின் முடிவு இந்திய நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் 1996இலேயே தெளிவாக்கிவிட்டது. தீர்ப்பாயக் கடிதத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மறுமணம் செய்தால் இருதார மண வழக்கு வரலாம். இரண்டு இடத்திலும் தீர்ப்பு வேண்டும்.

திருமணம் செல்லாது என்று அறிவித்துவிட்டால் எங்கள் பிள்ளைகள் முறைதவறிப் பிறந்தவர்கள் ஆகிவிடுவார்களா? (தூத்துக்குடி)

ஆக மாட்டார்கள். பெற்றோரில் ஒருவராவது நல்லெண்ணத்தோடு ஆலயத்தில் செய்துகொண்ட திருமணத்தில் பிறந்த பிள்ளைகள் முறையான பிள்ளைகளே என்று எண் 1137 சொல்கிறது. இந்தப் பயத்தாலேயே தீர்ப்பாயத்தின் படியேறாதவர்கள் பலர்.

எனக்கு 41 வயது. திருமணமாகி 14 ஆண்டுகள். சண்டை இல்லை, துரோகம் இல்லை, அன்பும் இல்லை. நானும் மகிழ்ச்சியாக வாழ வேண்டாமா? பிடிக்காமல் சேர்ந்திருப்பது போலித்தனம் அல்லவா? பிள்ளைகள் இருவரும் பள்ளியில் படிக்கிறார்கள். (சென்னை)

முதலில் சட்டம். இந்தியக் கிறிஸ்தவர்களான நமக்குரிய மணமுறிவுச் சட்டம் 1869ஆம் ஆண்டினது. 2001 வரை, மனைவி பிறழ்ந்தாள் என்று காட்டினாலே கணவனுக்கு மணமுறிவு கிடைத்தது. மனைவியோ பொதுவாகக் கணவனின் பிறழ்வோடு கொடுமையையோ கைவிட்டதையோ சேர்த்து நிரூபிக்க வேண்டியிருந்தது. 2001 திருத்தம் அந்த ஓரவஞ்சனையை நீக்கி, பரஸ்பர சம்மதத்தால் பிரியவும் 10ஏ பிரிவில் வழி செய்தது. உங்கள் மனைவியும் ஒப்புக்கொண்டு, சட்டம் கேட்கும் காலம் இருவரும் பிரிந்து வாழ்ந்திருந்தால்தான் அந்தக் கதவு திறக்கும்.

ஆனால் நீங்கள் சட்டம் கேட்கவில்லை, ஒப்புதல் கேட்கிறீர்கள். அதை என்னால் தர முடியாது ஐயா. உங்கள் கடிதத்தில் ‘நான்’ பலமுறை வருகிறது. மனைவி என்ன நினைக்கிறார் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. அவரிடம் இதைப் பேசினீர்களா? இருவரும் சேர்ந்து யாரிடமாவது ஆலோசனைக்குப் போனீர்களா? வீட்டுக் கடன், மாமியாரின் அறுவை சிகிச்சை, பிள்ளைகளின் தேர்வு தவிர வேறு எதைப் பற்றியாவது கடைசியாக எப்போது அவரோடு உட்கார்ந்து பேசினீர்கள்? அன்பு இல்லை என்பவர்களில் பாதிப்பேர் களைத்துப்போனவர்கள். அதற்கு மருந்து நீதிமன்றத்தில் கிடையாது.

போலித்தனம் என்கிறீர்கள். மனம் இல்லாத நாளிலும் சொன்ன சொல்லைக் காப்பதை நான் அப்படிச் சொல்ல மாட்டேன். முதல் கேள்வி கேட்ட தாயின் மகளிடம் ‘பொறுத்துப் போ’ என்று சொல்ல எனக்கு நா எழாது. உங்களிடம் தாராளமாகச் சொல்வேன். ‘விட்டுக்கொடு’ என்ற அறிவுரை போக வேண்டிய முகவரி உங்களுடையது.

மனச்சோர்வு இருக்கிறதா என்று ஒரு மருத்துவரையும் பாருங்கள். இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை.

மருமகள் தனிக்குடித்தனம் கேட்கிறாள். ஒரே மகன். இதுவா கத்தோலிக்கக் குடும்பப் பண்பு? (ஒரு தாய், மதுரை)

அம்மா, கணவன் தன் தாய் தந்தையை விட்டுத் தன் மனைவியோடு ஒன்றித்திருப்பான் என்று தொடக்க நூல் இரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. உங்கள் மகன் திருமணத்திலேயே வாசித்திருக்கலாம். பக்கத்துத் தெருவில் வீடு பார்த்துக் கொடுங்கள். ஞாயிறு சாப்பாட்டுக்கு இருவரும் வருவார்கள்.

முதல் மனைவி பிரிந்து போய்விட்டார். நீதிமன்ற மணமுறிவுக்குப் பின் பதிவுத் திருமணம் செய்துகொண்டேன். என்னைச் சபையிலிருந்து நீக்கிவிட்டதாகச் சொல்கிறார்கள். (கோயம்புத்தூர்)

நீக்கவில்லை. உங்களைப் போன்றோர் சபைநீக்கம் செய்யப்பட்டவர்கள் அல்லர், அப்படி நடத்தவும் கூடாது என்று பிரான்சிஸின் அந்த 2016 மடல் எண் 243 சொல்கிறது. அதற்கு முன்பே, 1981இல், இரண்டாம் யோவான் பவுலும் இவர்கள் திருச்சபையிலிருந்து பிரிந்துவிட்டதாக எண்ணாதபடி துணைநிற்கச் சொன்னார். திருப்பலிக்கு வாருங்கள், பிள்ளைகளை மறைக்கல்விக்கு அனுப்புங்கள்.

நற்கருணைதான் சிக்கல். இரண்டாம் யோவான் பவுல், கணவன் மனைவியாக வாழும்வரை இல்லை என்றார். பிரான்சிஸ் தம் மடலின் ஓர் அடிக்குறிப்பில், சில சூழ்நிலைகளில் அருளடையாளங்களின் (நற்கருணை, பாவமன்னிப்பு போன்றவை) உதவியும் கிடைக்கலாம் என்று எழுதினார். அந்த அடிக்குறிப்பை வைத்துக் கர்தினால்களே இரு பக்கமாக நின்றார்கள். அதை இங்கே நான் தீர்க்கப் போவதில்லை. உங்கள் பங்குத்தந்தையோடு நிதானமாகப் பேசிப் பகுத்தறிய வேண்டியது அது. அதற்கு முன், முதல் திருமணம் செல்லுமா என்று தீர்ப்பாயத்தில் கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் அந்தப் பேச்சே இல்லை. அங்கிருந்து தொடங்குங்கள்.

அயர்லாந்து 1995இல் வாக்கெடுத்து மாறியது, மால்டா 2011இல் மாறியது. கத்தோலிக்க நாடுகளே மாறிய பிறகும் திருச்சபை ஏன் பிடிவாதம் பிடிக்கிறது? (கத்தோலிக்கர் அல்லாத ஒரு நண்பர்)

நாடுகள் தம் குடிமக்களுக்குச் சட்டம் செய்கின்றன. அதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. நானே அந்தச் சட்டத்தில்தான் வழக்காடுகிறேன். திருச்சபைக்கு இது இயேசுவின் சொல். மத்தேயு 19இல், மோசே மணவிலக்குக்கு அனுமதி தந்தாரே என்று பரிசேயர் கேட்கிறார்கள். உங்கள் கடின உள்ளத்தை முன்னிட்டே தந்தார், தொடக்கத்தில் அப்படி இல்லை என்கிறார் இயேசு. அந்தக் காலத்தில் விலக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பது கணவன் கையில்தான் இருந்தது. சீட்டு வாங்கியவள் போக்கிடம் இன்றி நின்றாள். இயேசுவின் ‘இல்லை’, சீட்டு எழுதும் கையை நோக்கிச் சொல்லப்பட்டது. அதையே அடிவாங்கிய பெண்ணின் வாயை அடைக்க நாம் பயன்படுத்துவதுதான் எனக்குக் கோபம்.

அடுத்த மாதம் எனக்குத் திருமணம். எனக்குச் சம்மதம் இல்லை. அப்பாவிடம் சொன்னேன், பத்திரிகை அடித்தாயிற்று, மானம் போய்விடும், செத்துவிடுவேன் என்கிறார். ஆலயத்தில் திருமண அறிவிப்பான முதல் ஓலையும் வாசித்துவிட்டார்கள். (24 வயது)

இன்னும் நேரம் இருக்கிறது. ஓலை வாசிப்பதே, தடை ஏதாவது இருந்தால் தெரிந்தவர்கள் வந்து சொல்லட்டும் என்றுதான். உங்களைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? ‘செத்துவிடுவேன்’ என்று மிரட்டி வாங்கும் சம்மதம் கடும் அச்சத்தால் வந்ததாகலாம். அப்படியானால் அந்தத் திருமணமே செல்லாது. ஆண்டுகள் கழித்துத் தீர்ப்பாயத்தில் அதை நிரூபிக்க நீங்கள் படப்போகும் பாட்டை நான் பார்த்திருக்கிறேன். இப்போதே நிறுத்துவது உங்களுக்கும் நல்லது, அந்தப் பையனுக்கும் நல்லது. அவனை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

பங்குத்தந்தை உங்கள் இருவரையும் தனித்தனியே விசாரிக்க வேண்டும். சில பங்குகளில் செபங்கள் மனப்பாடமாகத் தெரிகிறதா என்று பார்ப்பதோடு முடித்துவிடுகிறார்கள். அதற்காகக் காத்திராதீர்கள். பெற்றோர் இல்லாமல், நம்பிக்கையான அத்தையோ தோழியோ ஒருவரோடு இந்த வாரமே போய், “சாமி, எனக்குச் சம்மதம் இல்லை” என்று சொல்லுங்கள். எழுதியும் கொடுங்கள், தேதியோடு, கையொப்பமிட்டு. அது தெரிந்த பிறகு அவர் உங்கள் திருமணத்தை நடத்திவைக்க முடியாது. அவர் தயங்கினால் ஆயர் இல்லத்துக்கு நேரே போங்கள். அப்பாவிடம் விஷயத்தைச் சொல்லும் பொறுப்பைப் பங்குத்தந்தையிடமே விட்டுவிடுங்கள்; அன்று இரவு மட்டும் அத்தை வீட்டில் தங்குங்கள்.