இவ்வளவு நெருக்கடியிலும் மக்கள் ஏன் தாராவியை விட்டுப் போவதில்லை?

சொந்த ஊரில் முற்றத்தோடு வீடு இருக்கும்போது, மும்பையில் ஓர் அறைக்கு இவ்வளவு வாடகை கொடுத்து ஏன் வாழ வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். மும்பையின் நடுவே நெருக்கமான குடிசைப் பகுதியாக உள்ள தாராவியை வைத்து விளக்குகிறேன்.

சுமார் 2 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அப்பகுதியில், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த தமிழர்கள் தோல் தொழிலிலும், குஜராத்திலிருந்து வந்த குயவர்கள் கும்பார்வாடா என்னும் குயவர் குடியிருப்பிலும் தலைமுறைகளாக வேரூன்றியிருக்கிறார்கள். ஒரு தோல் பை உருவாக, தோலை வெட்டுபவர், தைப்பவர், ஜிப்பும் கொக்கியும் விற்பவர், மொத்தமாக வாங்கிச் செல்லும் வியாபாரி எனப் பலர் தேவை. அவர்கள் அனைவரும் நடந்துபோகும் தூரத்தில் இருப்பதால்தான், பெரிய முதல் இல்லாதவரும் ஒரு தையல் இயந்திரத்தோடு தொழில் தொடங்க முடிகிறது. ஒரு பட்டறை மூடப்பட்டால் அடுத்த சந்தில் வேலை கேட்கலாம். ஊரில் ஒரே முதலாளியை நம்பியிருப்பவருக்கு இந்தத் துணிவு வாய்ப்பதில்லை. மாகிம், சயான் ரயில் நிலையங்களும் அருகிலேயே உள்ளன.

பொதுக் கழிப்பறை வரிசையும், காற்று நுழையாத அறைகளில் எளிதாகப் பரவும் காசநோயும் கொடுமையானவை. அவற்றை நான் சிறிதும் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அந்த வாடகையின் பெரும்பகுதி சுவர்களுக்கானதன்று, வேலைக்கு அருகில் இருப்பதற்கானது. அதனால்தான், தொலைவில் விசாலமான வீடு தருவதாகச் சொன்னாலும் பலர் தயங்குகிறார்கள்.