அழாத பிள்ளையை முதலில் தூக்குங்கள்

கேள்வி: எனக்கு இரட்டைப் பிள்ளைகள், ஒரு மகன், ஒரு மகள். 36 கிழமையில் சிசேரியன் செய்து எடுத்தார்கள். மகன் 2.6 கிலோ, மகள் 2.1 கிலோ. இப்போது நாலரை மாதம். இதுவரை தாய்ப்பால் மட்டும்தான். இரவில் மாறி மாறி எழும்புவதால் ஒரு மணித்தியாலம் சேர்ந்தாற்போல் எனக்கு நித்திரை இல்லை. மகன் கத்தித் தீர்ப்பான். மகள் நல்ல பிள்ளை, அழுவது குறைவு. ஆனால் கிளினிக்கில் அவளுக்கு நிறை காணாது என்றார்கள். “ரெண்டுக்கும் உன்ரை பால் எப்பிடிக் காணும், இரவிலையாவது மாப்பால் குடு” என்கிறா மாமி. அண்ணா கனடாவில் இருந்து இரண்டு டின் அனுப்பியிருக்கிறார். சோறு தீத்தத் தொடங்கினால் மகள் தேறுவாள் என்றும் சொல்கிறார்கள். என்ன செய்ய? (கோப்பாய்ப் பக்கத்துத் தாய் ஒருவர்)

பதில்: தங்கச்சி, டின் இரண்டையும் அலுமாரிக்குள் வைத்து மூடுங்கள். சோற்றுக்கும் இன்னும் நாள் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் நான் நின்றுபோன இடம் வேறு. “மகள் நல்ல பிள்ளை, அழுவது குறைவு” என்ற வரியில்தான்.

குடும்பநல மாதாக, அதாவது அரச மருத்துவிச்சியாக, வீடு வீடாகப் போன காலத்தில் இரட்டைப் பிள்ளைகள் உள்ள வீட்டில் இந்த வார்த்தையைக் கேட்டாலே நான் பாயில் இருந்துவிடுவேன், எழும்பமாட்டேன். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். ஒரு பிள்ளை உள்ள வீட்டில் அதனால் கெடுதி இல்லை. இரண்டு உள்ள வீட்டில் அழாத பிள்ளை மெலிந்துபோகும். நிறை குறைந்து பிறந்த பிள்ளைக்கு அழுவதற்கும் பலம் வேண்டும். அது பசியோடேயே நித்திரையாகிவிடும். பெரியவன் கத்துவான், அவனைத் தூக்குவீர்கள், அவன் நிறையக் குடிப்பான். அவனைக் கிடத்திவிட்டு மகளை எடுக்கும்போது நீங்களும் களைத்திருப்பீர்கள், அவளும் அரைக்கண்ணில் இருப்பாள். ஐந்து நிமிடத்தில் வாயை எடுத்துவிடுவாள். “அவளுக்குக் காணும் போல” என்று நீங்களும் கிடத்திவிடுவீர்கள்.

வடமராட்சியில் ஒரு வீட்டில் இப்படித்தான். அப்பம்மா சின்னதைக் காட்டி, “இவ தங்கம், சத்தமே இல்லை” என்றா. நான் அந்தத் தாயைப் பாலூட்டச் சொல்லி, பிள்ளையின் தாடைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தேன். தாடை பட பட என்று சின்னதாகத் துடித்ததே தவிர, விழுங்குகிற சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளை மார்பில் 20 நிமிடம் இருந்தது, பால் குடித்தது 3 நிமிடம்.

நீங்களும் இன்றைக்கே பாருங்கள். வாய் அகலத் திறந்து, கீழ் உதடு வெளியே மடிந்து, நாடி மார்பில் முட்டியிருக்க வேண்டும். குடிக்கிற பிள்ளையின் தாடை ஆழமாக, மெதுவாக இறங்கும், ஒரு சின்ன நிறுத்தம் வரும், பிறகு “க்” என்று விழுங்கும். அந்த விழுங்கல் நின்று சும்மா துடிக்கத் தொடங்கினால் மார்பை உங்கள் கையால் முழுதாகப் பிடித்து அமத்துங்கள். பால் திரும்ப ஓடும், திரும்ப விழுங்குவாள். ஓய்ந்ததும் கையை எடுத்து, சற்றுப் பொறுத்து மறுபடி அமத்துங்கள். நித்திரையானால் உடுப்பைக் கழற்றி, உள்ளங்காலைத் தடவி எழுப்புங்கள்.

இனி இரவு. ஒருவர் எழும்பினால் மற்றவரையும் எழுப்புங்கள். “நித்திரையாய் இருக்கிற பிள்ளையை எழுப்பாதை” என்று வீட்டில் சொல்வார்கள். கேட்காதீர்கள். இருவரையும் ஒரே நேரத்தில் மார்பில் போட்டால்தான் உங்களுக்கு இரண்டு, இரண்டரை மணித்தியாலம் சேர்ந்து நித்திரை கிடைக்கும். பாயில் சுவரோடு முதுகைச் சாய்த்து இருங்கள். இரண்டு பக்கமும் தலையணை. பிள்ளைகளின் உடம்பு உங்கள் கக்கத்துக்குள், கால்கள் முதுகுப் பக்கம் நீட்டியிருக்க, தலை இரண்டும் உங்கள் இரு உள்ளங்கைகளில். சிசேரியன் செய்த வயிற்றிலும் பாரம் விழாது. முதல் சில நாள் இரண்டாவது பிள்ளையை எடுத்துத்தர ஆள் வேண்டும். அது கணவரின் வேலை. காலையில் வேலைக்குப் போகிறவர் என்று அவரை வேறு அறையில் படுக்கவிடாதீர்கள்.

சேர்த்துக் கொடுப்பதில் மகளுக்கு ஒரு லாபம் இருக்கிறது. மகன் பலமாக உறிஞ்சும்போது இரண்டு மார்பிலும் பால் சுரந்து இறங்கும். அவன் செய்த வேலையில் அவளும் குடிப்பாள். இன்றைக்கு வலது பக்கம் குடித்தவர் நாளைக்கு இடது பக்கம். மகனுக்கு ஒரு மார்பை எழுதிவைத்துவிட்டால் மற்ற மார்பில் பால் குறைந்துபோகும். கதிரையிலோ சோபாவிலோ இருந்து பால் கொடுத்தபடி கண்ணயர வேண்டாம், பிள்ளை இடுக்குக்குள் சரிந்து மூச்சு முட்டலாம். கொடுத்து முடிந்ததும் தலையணைகளை அப்புறப்படுத்திப் பிள்ளைகளை நிமிர்த்திக் கிடத்துங்கள்.

இரண்டுக்கும் பால் காணுமா என்று மாமி கேட்கிறா. காணும். தாய்ப்பால் மட்டும் குடிக்கிற ஒரு பிள்ளை நாளுக்குச் சுமார் 750 மில்லிலீற்றர் குடிக்கும். இரட்டைப் பிள்ளைகளின் தாய்மார் ஒன்றரை லீற்றரும் அதற்கு மேலும் சுரக்கிறார்கள். உறிஞ்ச உறிஞ்சத்தான் ஊறும். அதிலும் பாலை ஊறவைக்கும் ஹோர்மோன் இரவில்தான் கூட. இரவுப் பாலை நிறுத்தி மாப்பால் கொடுத்தால் இரண்டு கிழமையில் பகல் பாலும் குறையும். அப்போது “நான் சொன்னன்தானே” என்பார்கள். நீங்கள் வயிறாரச் சாப்பிட வேண்டும், தாகத்துக்குத் தண்ணீர் குடிக்க வேண்டும். பத்தியம் என்று தண்ணீரை அளந்து தருகிற பழக்கத்தை இனியாவது விடுங்கள். பால்சுறா கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் சூடை மீன், முட்டை, பருப்பு, முருங்கையிலை. கிளினிக்கில் தருகிற திரிபோஷச் சத்துமா உங்களுக்குத்தான், வீட்டில் எல்லோருக்கும் உருண்டை பிடித்துக் கொடுக்க அல்ல. போனில் விளம்பரம் போட்டு “பால் பெருக்கும் தூள்” விற்பவர்களுக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். அந்தக் காசுக்கு மீன் வாங்குங்கள்.

இனி அந்த டின். வெளிநாட்டுப் பார்சலில் வருகிற பால்மாவைக் கண்டால் எனக்கு நெஞ்சு பதறும். அனுப்புகிறவர் அன்பில்தான் அனுப்புகிறார். ஆனால் எல்லா டின்னிலும் கரண்டி ஒன்றல்ல. பல டின்களில் ஒரு கரண்டி மாவுக்கு 30 மில்லிலீற்றர் தண்ணீர். கனடா, அமெரிக்காவில் இருந்து வருகிற பலவற்றில் ஒரு கரண்டிக்கு 60. பக்கத்து வீட்டார் சொன்ன கணக்கில் 30 மில்லிலீற்றருக்கு அந்தப் பெரிய கரண்டியைப் போட்டால் பால் இரண்டு மடங்கு தடிப்பு. பிள்ளையின் சிறுநீரகம் தாங்காது, உடம்பில் நீர் வற்றி உப்பு ஏறிவிடும். மாறிச் செய்தால் பாதிப் பால், பாதிப் பட்டினி. ஒரு வீட்டில் பிரெஞ்சில் எழுதியிருந்த டின்னை வைத்து இரண்டு மாதம் தண்ணிப்பால் கொடுத்திருந்தார்கள். பிள்ளை ஏன் தேறவில்லை என்று கேட்டு என்னைக் கூப்பிட்டார்கள்.

நீங்கள் கோப்பாய்ப் பக்கம் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் செம்மண் தோட்டங்களுக்குப் போடுகிற பசளை சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் இறங்கிக் கிணற்றில் நைத்திரேற்றாகச் சேர்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டுத் தோட்டப்புறக் கிணறுகளில் இது பல காலமாக அளந்து பார்த்த விஷயம். லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போன தண்ணீரில் பால்மா கரைத்தால் குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுபோக முடியாமல் உடம்பு நீலம் பாரிக்கக்கூடும். தண்ணீரைக் கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறியும். உங்கள் மார்பில் ஊறுகிற பாலுக்கு இந்தக் கவலை இல்லை.

தாய்ப்பாலுக்குப் பதிலான பால்மாவை விளம்பரம் செய்யவும் தாய்மாருக்கு இலவசமாகக் கொடுக்கவும் கூடாது என்று 1983இலேயே இலங்கையில் ஒழுங்குவிதிக் கோவை வந்துவிட்டது. 40 வருடம் தாண்டியும் பாமசிக் கவுண்டரில் நிற்கிற பெடியன் தாயின் முகத்தைப் பார்த்து, “அக்கா, ரெட்டையெண்டால் இது போட்டாத்தான் காணும்” என்கிறான். அவனைக் கேட்க ஒருவரும் இல்லை. பிரசவம் முடிந்து வீடு வருகிற தாயின் விலாசம் பால்மா விற்கிற தரகர் கைக்கு எப்படிப் போகிறது என்று நான் கேட்காத கூட்டம் இல்லை. பதில் தந்தவர் இல்லை. ஆறு மாதத்துக்குப் பிறகு 2ஆம் இலக்கப் பால்மா, ஒரு வயதுக்குப் பிறகு 3ஆம் இலக்கம் என்று அவர்கள் வருவார்கள். பால்குடிக்கிற பிள்ளைக்கு அவை ஒன்றும் தேவையில்லை. கிளினிக் அட்டையில் நிறைக்கோடு உண்மையாகவே ஏறாமல் படுத்துவிட்டால் என்ன செய்வது என்று குழந்தை வைத்தியர் பார்த்துச் சொல்லட்டும், கடைக்காரர் சொல்ல வேண்டாம்.

கிளினிக்கில் “நிறை காணாது” என்றார்கள் என்றீர்கள். அட்டையில் புள்ளியை எந்த வயதுக்கு நேரே போட்டார்கள் என்று பாருங்கள். உங்கள் பிள்ளைகள் நாலு கிழமை முந்திப் பிறந்தவர்கள். நாலரை மாதம் என்றாலும் உடம்புக்கு வயது மூன்றரை மாதம்தான். அந்த வயதுக்கு நேரே போட்டால் மகளின் புள்ளி மேலே ஏறி நிற்கக்கூடும். ஒரு காலையில் ஒரு மேசைக்கு வரிசையாகப் பிள்ளைகள், நிறுக்க ஒருவர், எழுத ஒருவர். பாலூட்டுவதை ஒரு தரம் இருந்து பார்க்க ஐந்து நிமிடம் அங்கே கிடையாது. “காணாது” என்ற சொல்லை மட்டும் தாயின் கையில் கொடுத்து அனுப்புவார்கள். வேலை செய்கிறவர்களில் பிழை சொல்லமாட்டேன், நானும் அந்த மேசையில் இருந்தவள். வேலைக்கு இன்னும் ஆட்களைத் தா என்று எழுதி எழுதிக் களைத்தவள். பெரிய அரச ஆஸ்பத்திரிகளில் பாலூட்டலுக்கென்றே தனி நிலையம் இருக்கிறது. அங்கே கேட்டுப் போய், கண்ணுக்கு முன்னால் பாலூட்டிக் காட்டுங்கள்.

வீட்டில் நீங்கள் எண்ண வேண்டியது மூத்திரத் துணி. 24 மணித்தியாலத்தில் ஆறு தரமாவது நன்றாக நனைய வேண்டும், இருவருக்கும் வேறு வேறாக எண்ணுங்கள். சுவரில் கலண்டரில் கோடு போடுங்கள். பம்பஸ் கட்டினால் எண்ணுவது கஷ்டம், பகலில் துணியே கட்டுங்கள்.

ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர ஒன்றும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம், கோரோசனையும் வேண்டாம் என்று இவ்வளவும் சொல்லிவிட்டு, ஒன்றுக்கு மட்டும் விலக்குச் சொல்கிறேன். இரும்புச்சத்துத் துளிமருந்து. பிள்ளை தன் இரும்பைத் தாயின் வயிற்றில் கடைசிக் கிழமைகளில்தான் சேர்த்துவைக்கும். உங்கள் பிள்ளைகளுக்கு அந்தக் கிழமைகள் கிடைக்கவில்லை. இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்து பிறந்த பிள்ளைக்கு இரண்டு மாதத்தில் இருந்தாவது இது வேண்டும். மகள் 2.1, அவளுக்குக் கட்டாயம். மகன் 2.6 தானே, அவனுக்குத் தேவையில்லை என்று நினைத்துவிடாதீர்கள். 37 கிழமைக்கு முந்திப் பிறந்தவன் அவனும்தான். நிறையை மட்டும் பார்த்துப் பெரியவனை விட்டுவிடுகிற பிழையைப் பல இடத்தில் கண்டிருக்கிறேன். உங்கள் கடிதத்தில் துளிமருந்து பற்றி ஒரு சொல்லும் இல்லை. கொடுத்திருந்தால் நல்லது, விடாமல் கொடுங்கள். கொடுக்கவில்லை என்றால் நாளைக்கே கேளுங்கள். அளவை நிறைக்கு ஏற்ப வைத்தியர் எழுதுவார், நிறை ஏற ஏற அளவையும் கூட்டிக் கேட்க வேண்டும். இருவருக்கும் ஒரே அளவு இல்லை, போத்தலில் பெயர் எழுதி ஒட்டுங்கள். மலம் கறுப்பாகப் போகும், அதற்குப் பயந்து நிறுத்தாதீர்கள். சோறு தொடங்கினாலும் துளிமருந்து தொடரும், வைத்தியர் சொல்லும்வரை.

சோற்றுக்கு வருவோம். நாலரை மாதத்தில் தீத்துவது மகளின் வயிற்றுக்கு மூன்றரை மாதத்தில் தீத்துவதுதான். கஞ்சித்தண்ணி பாலின் இடத்தைப் பிடிக்கும், பாலில் உள்ள சத்து அதில் இல்லை, நிறை இன்னும் குறையும். 180 நாள் முடியட்டும். கோயிலில் சோறு தீத்த நாள் பார்த்தால் அதற்குப் பிந்திய நாளாகப் பாருங்கள். கழுத்து நேராக நிற்க வேண்டும், பிடித்தால் இருக்க வேண்டும், கரண்டியை நாக்கால் வெளியே தள்ளக்கூடாது. மகன் தயாராகி மகள் தயாராகாமல் இருந்தால் அவன் தொடங்கட்டும், அவளுக்கு ஒரு கிழமை கழித்துப் பாருங்கள். ஆனால் ஏழு மாதத்தைத் தாண்ட விடாதீர்கள்.

சிவப்பரிசிச் சோறும் பருப்பும் குழைய அவித்துக் கையால் மசியுங்கள், மிக்சியில் அடித்துத் தண்ணியாக்க வேண்டாம். கரண்டியைச் சரித்தால் ஒழுகாமல் நிற்க வேண்டும். அரைத் தேக்கரண்டி தேங்காயெண்ணெய் அல்லது பட்டர் சேருங்கள். முதலில் இரண்டு மூன்று தேக்கரண்டி, நாளுக்கு இரண்டு தரம். சில நாளில் பூசணி, கீரை. இரண்டாம் கிழமையில் முள் எடுத்த மீன், முட்டை, ஈரல். பல்லு வரட்டும் என்று மீனைத் தள்ளிவைக்காதீர்கள். உப்பு, சீனி, தேன் ஒரு வயது வரை வேண்டாம். தேத்தண்ணியில் தோய்த்த விசுக்கோத்து வேண்டவே வேண்டாம், தேயிலை இரும்பை உடம்பில் சேரவிடாது.

இருவருக்கும் இரண்டு கோப்பை வையுங்கள். ஒரே கோப்பையில் இருந்து மாறி மாறித் தீத்தினால் கோப்பை வெறுமையானது தெரியும், யார் சாப்பிட்டது என்று தெரியாது. மகளுக்கு முதல் கரண்டி. அவள் விழுங்கி வாயைத் திறக்கும் வரை பொறுத்திருங்கள், அதற்குள் மகன் கத்தினால் மாமி தூக்கி வைத்திருக்கட்டும்.