கர்ப்பத்தில் சி.எம்.வி.: மரபணுவுக்கு எவ்வளவு பங்கு?

கேள்வி: டாக்டர், டி.எல்.ஆர். மரபணுவில் மாறுபாடு இருந்தால் சைட்டோமெகலோ வைரஸ் (சி.எம்.வி.) வயிற்றுக் குழந்தைக்கும் போய்விடும் என்று படித்தேன். டி.எல்.ஆர். என்றால் என்ன?

பதில்: உடலுக்குள் கிருமி வந்ததை முதலில் மோப்பம் பிடிக்கும் ஏற்பிப் புரதங்கள். 'டோல்' மரபணு பழ ஈயைப் பூஞ்சையிலிருந்து காக்கிறது என்பது 1996-ல் தெரிந்தது. அதைப் போலவே இருப்பதால் நம்முடையவற்றுக்கு 'டோல் போன்ற ஏற்பிகள்' (டோல்-லைக் ரிசெப்டர், சுருக்கமாக டி.எல்.ஆர்.) என்று பெயர். மனிதரிடம் 10 வகை. டி.எல்.ஆர்.-2 செல்லின் மேற்பரப்பில் நின்று சி.எம்.வி.யின் உறைப் புரதங்களை உணர்கிறது. டி.எல்.ஆர்.-9 செல்லுக்குள் இருந்து வைரஸின் டி.என்.ஏ.வை உணர்கிறது.

கேள்வி: மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறினால் அவ்வளவு வித்தியாசம் வருமா?

பதில்: இடத்தைப் பொறுத்தது. டி.எல்.ஆர்.-2-ல் 753-வது அமினோ அமிலம் (புரதச் சங்கிலியின் ஒரு கண்ணி) அர்ஜினினாக இருக்க வேண்டியது சிலரிடம் குளுட்டமினாக இருக்கும். அது செல்லுக்குள் சேதி அனுப்பும் பகுதி; அதனால் எச்சரிக்கை மங்கலாகப் போகும். வேறு சில மாறுபாடுகள் புரதத்தைத் தொடுவதே இல்லை.

கேள்வி: என் குழந்தைக்குப் பிறவியிலேயே சி.எம்.வி. தொற்று; ஒரு காது கேட்கவில்லை. என் மரபணுதான் காரணமா? இரவெல்லாம் இதே நினைப்பு.

பதில்: இல்லை. தயவுசெய்து அந்தப் பாரத்தைச் சுமக்காதீர்கள். கர்ப்ப காலத்தில் முதன்முறையாக இந்தத் தொற்று வரும் பெண்களிலேயே ஏறக்குறைய மூன்றில் ஒருவரிடமிருந்துதான் அது குழந்தைக்குப் போகிறது. தொற்று எந்த மாதத்தில் வந்தது, முன்பே எதிர்ப்பு இருந்ததா, வைரஸ் எவ்வளவு இருந்தது என்று பல சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன. இன்னொன்றையும் பலர் மறந்துவிடுகிறார்கள்: குழந்தையின் மரபணுவில் பாதி அப்பாவுடையது. நஞ்சுக்கொடியின் பெரும்பகுதியும் குழந்தையின் செல்களால் ஆனதுதான். வைரஸ் கடக்க வேண்டிய தடுப்பில் இருப்பது உங்கள் ஏற்பிகள் மட்டும் இல்லை. இந்த மாறுபாடுகள் வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டலாம், குறைக்கலாம், அவ்வளவுதான். அதிலும் ஆய்வுகள் பல சிறியவை. ஒரு மக்கள்கூட்டத்தில் தெரிந்தது இன்னொன்றில் தெரிவதில்லை.

கேள்வி: அப்படியானால் கர்ப்பத்துக்கு முன் டி.எல்.ஆர். டெஸ்ட் தேவையா?

பதில்: தேவையில்லை. முடிவு எதுவாக இருந்தாலும் சிகிச்சை மாறாது. பார்க்க வேண்டியது வைரஸை. பிறந்த குழந்தைக்குச் சந்தேகம் இருந்தால் 21 நாட்களுக்குள் சிறுநீரிலோ உமிழ்நீரிலோ வைரஸின் டி.என்.ஏ.வைத் தேடும் பி.சி.ஆர். பரிசோதனை செய்ய வேண்டும். அதற்குப் பிறகு செய்தால் தொற்று வயிற்றிலேயே வந்ததா, பிறந்தபின் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. பிறக்கும்போது நன்றாக இருந்த குழந்தைக்கும் பின்னால் செவித்திறன் குறையலாம். அதனால் காதுப் பரிசோதனையை ஒரு தடவையோடு விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: பிறகு இந்த ஆராய்ச்சியால் யாருக்கு லாபம்?

பதில்: எனக்குப் பிடித்த கேள்வி! சாதாரண ஹெர்ப்பீஸ் வைரஸ் மிகச் சில குழந்தைகளுக்கு மட்டும் மூளைக்காய்ச்சலாக மாறுவது ஏன் என்பது வெகுகாலப் புதிர். அவர்களில் சிலருக்கு டி.எல்.ஆர்.-3 குறைபாடு இருப்பது 2007-ல் வெளிவந்தது. உடலின் மற்ற பாகங்கள் சமாளித்துக்கொள்கின்றன, மூளைக்கு மட்டும் அந்த ஒரு ஏற்பி இல்லாமல் முடியவில்லை. அப்புறம், டி.எல்.ஆர்.-9-ஐத் தூண்டும் பொருளைச் சேர்த்த ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி ஒன்று பெரியவர்களுக்குப் பயன்பாட்டுக்கே வந்துவிட்டது.

கேள்வி: எனக்கு இப்போது மூன்றாம் மாதம். வீட்டில் 2 வயது மகன் இருக்கிறான். என்ன செய்யலாம்?

பதில்: சின்னக் குழந்தைகளின் எச்சிலிலும் சிறுநீரிலும் இந்த வைரஸ் மாதக்கணக்கில் வெளியேறும், குழந்தையோ நன்றாக விளையாடிக்கொண்டிருக்கும். டயபர் மாற்றியதும், மூக்கு துடைத்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். அவன் மிச்சம் வைத்ததைச் சாப்பிட வேண்டாம், ஸ்பூனும் தனி. உங்களுக்குப் புதிதாகத் தொற்று என்று பரிசோதனையில் தெரிந்தால் மருத்துவரிடம் வாலாசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தைப் பற்றிக் கேளுங்கள். 2020-ல் வெளியான ஒரு சோதனையில், கர்ப்பத்தின் தொடக்கத்தில் தொற்று வந்தவர்களுக்கு அதைக் கொடுத்தபோது குழந்தைக்குப் பரவுவது நன்றாகக் குறைந்தது. மகனைக் கொஞ்சாமல் இருக்க வேண்டியதில்லை. முத்தத்தை வாயில் கொடுக்காமல் உச்சந்தலையில் கொடுங்கள்.