கேமரா கேள்வி பதில்: வெயிலும் வெள்ளெழுத்தும்

கேள்வி: வெயிலில் என் டிஎஸ்எல்ஆரின் பின்பக்கத் திரை கண்ணுக்கே தெரிவதில்லை. போதாக்குறைக்கு வெள்ளெழுத்து வேறு. எலெக்ட்ரானிக் வியூஃபைண்டரை (கண்ணை வைத்துப் பார்க்கும் குட்டித் திரை) தனியாக வாங்கி, ஃப்ளாஷ் மாட்டும் இடத்தில் செருகிக்கொள்ளலாமா?

பதில்: செருகினால் நிற்கும், படம்தான் வராது. டிஎஸ்எல்ஆரின் ஹாட்ஷூவில், அதாவது ஃப்ளாஷ் மாட்டும் அந்த இடத்தில், உள்ள உலோகப் புள்ளிகள் ஃப்ளாஷ் போன்றவற்றோடு பேசுவதற்குத்தான், படத்தை வெளியே அனுப்ப அல்ல. ஒலிம்பஸ் விஎஃப்-2, கேனன் இவிஎஃப்-டிசி1 போன்றவற்றைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் போலிருக்கிறது. அவை அந்தந்த நிறுவனத்தின் சில மிரர்லெஸ் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாதவை), காம்பாக்ட் கேமராக்களுக்கென்றே செய்தவை. அவற்றுக்கு வேண்டிய தனி கனெக்டர் உங்கள் கேமராவில் கிடையாது.

உங்களுக்கு இருக்கும் வாசல் எச்டிஎம்ஐ, அதாவது படத்தை வெளித்திரைக்கு அனுப்பும் கேபிள் துளை. 2008-இல் கேனன் 5டி மார்க் 2 வந்து, ஸ்டில் கேமராவில் முழு எச்டி வீடியோ எடுக்கலாம் என்று ஆனபிறகு, அந்த வாசலில் கேபிள் மாட்டிப் பார்க்கிற ஃபைண்டர்கள் வந்தன. ஸகூட்டோ போன்ற நிறுவனங்கள் செய்தது வீடியோக்காரர்களுக்காகத்தான். தனி பேட்டரி, தனி பிராக்கெட், தொங்கும் கேபிள் என்று கையில் ஒரு குடித்தனமே சேர்ந்துவிடும். அந்த 5டி மார்க் 2-இல் இன்னொரு கூத்து: ரெக்கார்டிங்கை அழுத்தியதும் எச்டிஎம்ஐ படம் 480பி என்ற குறைந்த துல்லியத்துக்கு இறங்கிவிடும். எப்போது துல்லியம் வேண்டுமோ அப்போதுதான் மங்கும்!

சரி, இத்தனையும் மாட்டினால் என்ன தெரியும்? பின்பக்கத் திரையில் தெரிகிற அதே லைவ் வியூ படம்தான், அதாவது சென்சார் அப்போதைக்கப்போது காட்டும் படம். அப்போது ஒளியை ஃபைண்டருக்குத் திருப்பும் உள் கண்ணாடி மேலே தூக்கிக்கொள்வதால், கண்ணை வைத்து நேராகப் பார்க்கும் வழக்கமான ஆப்டிகல் ஃபைண்டர் இருண்டுவிடும். பழைய மாடல்களில் ஆட்டோ ஃபோகஸ் முன்னும் பின்னும் தேடித் தடுமாறும். கேனனில் 2013-இல் 70டி வந்தபிறகுதான் லைவ் வியூ ஃபோகஸ் உருப்பட்டது. பறக்கிற பறவை, ஓடுகிற பிள்ளை என்றால் இந்தப் பக்கமே வராதீர்கள், ஆப்டிகல் ஃபைண்டரே போதும்.

நான் இதை மெச்சுகிற இடம் ஒன்று உண்டு. என்னிடம் கையால் ஃபோகஸ் செய்யும் பழைய 50 மி.மீ. எஃப்/1.4 லென்ஸ் இருக்கிறது. ஆப்டிகல் ஃபைண்டரில் பார்த்தால் இமைமுடி கத்திபோலக் கூர்மையாகத் தெரியும். படத்தில் பார்த்தால் காதுமடல்தான் கூர்மை. லென்ஸ்மீதுதான் சந்தேகப்பட்டேன். ஆனால் குற்றவாளி ஃபோகஸிங் ஸ்க்ரீன், அதாவது ஆப்டிகல் ஃபைண்டருக்குள் படம் விழும் தகடு. இன்றைய டிஎஸ்எல்ஆர்களில் அதை வெளிச்சமாகத் தெரியும்படி செய்கிறார்கள். அதனால் எஃப்/2.8-ஐவிட அகலமாக (எஃப்/1.4 போல) லென்ஸைத் திறந்தாலும் அந்த மெல்லிய ஃபோகஸ் ஆழத்தை அது காட்டாது. எச்டிஎம்ஐ ஃபைண்டரில் பீக்கிங்கை (கூர்மையான இடத்தின் ஓரத்தில் நிறக்கோடு காட்டும் வசதி) போட்டு வளையத்தை மெல்லத் திருப்பினேன். சிவப்பு ஓரக்கோடு காதிலிருந்து கன்னத்துக்கு நகர்ந்து இமையில் வந்து நின்றது. அன்றைக்கு அந்தக் கேபிள்மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது.

உங்கள் குறை வெயிலும் வெள்ளெழுத்தும்தானே? அதற்கு எலெக்ட்ரானிக்ஸே வேண்டாம். பின்பக்கத் திரைமேல் பொருத்தும் லூப் போதும்: ரப்பர் மறைப்பு, உள்ளே ஒரு உருப்பெருக்கும் லென்ஸ், அவ்வளவுதான். பேட்டரியும் கேபிளும் இல்லை. இரண்டு விஷயம் பாருங்கள். உங்கள் திரையின் அளவுக்கு அது பொருந்த வேண்டும். டயாப்டர் என்ற திருகைத் திருப்பி உங்கள் கண் பவருக்குச் சரிசெய்ய முடிய வேண்டும். நான் இப்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு லூப்பில்தான் பார்க்கிறேன்.

கேள்வி: என் எச்டிஎம்ஐ ஃபைண்டரில் நடுவே பழுப்பாக ஒரு புள்ளி. எவ்வளவு துடைத்தாலும் போகவில்லை.

பதில்: வெயிலில் வைத்துவிட்டு எங்காவது போனீர்களா? நான் போனேன். ட்ரைபாடில் கேமராவை நிறுத்தி, ஃபைண்டரின் கண் பக்கம் வானத்தைப் பார்த்திருக்க, யாரிடமோ பேசப் போய்விட்டேன். திரும்பி வந்தால் உங்களுடையதைப் போலவே ஒரு புள்ளி. சின்ன வயதில் பூதக்கண்ணாடி பிடித்துக் காகிதத்தைக் கருக்கியிருப்பீர்களே, அதே வேலையைச் சூரியன் உள்ளே இருக்கும் பேனலில் செய்துவிட்டது. துடைத்துப் போகாது, பேனலை மாற்றத்தான் வேண்டும். லூப் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதி நேரலாம். கண்ணை எடுத்ததும் மூடி போடுங்கள், இல்லையென்றால் தரையைப் பார்க்கத் திருப்பிவிடுங்கள்.

கேள்வி: ட்ரைபாடில் லைவ் வியூ வைத்து எடுக்கும்போது, ஆப்டிகல் ஃபைண்டரை மூட வேண்டுமா?

பதில்: பொதுவாக வேண்டாம். லைவ் வியூவில் ஒளியை அளப்பது சென்சார். பின்னாலிருந்து நுழையும் வெளிச்சத்தைத் தூக்கிய கண்ணாடி பெரும்பாலும் மறித்துவிடும். லைவ் வியூ இல்லாமல், கண்ணை வைக்காமல், ஆட்டோ எக்ஸ்போஷரில் (கேமராவே ஒளியை அளந்து முடிவு செய்யும் முறை) எடுத்தால் மூடுங்கள். இல்லாவிட்டால் படம் இருண்டுபோக வாய்ப்புண்டு. பல கேனன்களில் தோள்பட்டை வாரிலேயே ஒரு ரப்பர் துண்டு கோத்திருக்கும். அது இதற்குத்தான். எதற்கென்று தெரியாமல் நான் முதல் கேமராவிலேயே அதைக் கழற்றி எறிந்துவிட்டேன்.