சி நிரலில் என்கர்சஸ்: தொடக்க வரிசையில் எது முன், எது பின்?

கேள்வி: சி மொழியில், டெர்மினல் திரையில் சாளரங்கள் வரைய உதவும் என்கர்சஸ் லைப்ரரியைக் கொண்டு ஒரு சிறு நிரல் எழுதியிருக்கிறேன். இனிட்ஸ்க்ர் அழைத்து, நியூவின் மூலம் ஒரு சாளரம் உருவாக்கி, அதைச் சுற்றி பாக்ஸ் கொண்டு கோடு போட்டு, அதைத் திரைக்கு அனுப்பும் டபிள்யூரெஃப்ரெஷையும் அழைத்துவிட்டு கெட்ச் அழைத்தால் திரை வெறுமையாகவே நிற்கிறது. நிரல் பாதியில் நின்றுபோனால், அதன்பின் டெர்மினலில் தட்டச்சு செய்வது எதுவும் கண்ணுக்குத் தெரிவதில்லை. இந்த லைப்ரரியைத் தொடங்கும் சரியான முறை என்ன?

பதில்: செயற்கூறுகளின் பெயர்களை ஒலிப்படியே தமிழில் எழுதுகிறேன். இனிட்ஸ்க்ர் என்பது இனிட் என்ற சொல்லோடு ஸ்கிரீன் என்பதன் சுருக்கம் ஒட்டியது என்று கொண்டால் மற்றவையும் எளிதில் பிடிபடும்.

உங்களுடைய இரண்டு சிக்கல்களும் எனக்கு நேர்ந்தவைதான். கடலூர் முதுநகரில் என் சித்தப்பா வைத்திருக்கும் மீன்வலைக் கடைக்கு ஒரு சரக்குப் பதிவு நிரல் எழுதிக் கொடுத்தேன். கடையில் இருந்தது பழைய கணினி. பிரவுசர் திறந்தாலே திணறும் என்பதால் லினக்ஸ் டெர்மினலிலேயே இயங்கும்படி என்கர்சஸைத் தேர்ந்தெடுத்தேன். முதல் நாள் முழுவதும் வெறும் கறுப்புத் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இனிட்ஸ்க்ர் என்ற ஒரே அழைப்பு எல்லாவற்றையும் தொடங்கிவிடும் என்று நம்பியதுதான் பிழை. அதற்கு முன்னால் ஒன்றும், பின்னால் சிலவும் குறிப்பிட்ட வரிசையில் நின்றாக வேண்டும்.

முன்னால் நிற்க வேண்டியது செட்லோகேல். எந்தச் சி நிரலும், கணினியில் எந்த மொழி அமைப்பு இருந்தாலும், சி லோகேல் எனப்படும் வெற்று அமைப்பில்தான் தொடங்குகிறது. எல்சி_ஆல் என்பதோடு வெற்றுச் சரத்தைக் கொடுத்து செட்லோகேலை அழைத்தால்தான் நிரல் பயனரின் அமைப்பை, குறிப்பாக யூடிஎஃப்-8 குறியாக்கத்தை, ஏற்றுக்கொள்ளும். இனிட்ஸ்க்ருக்குப் பின் இதை அழைப்பது காலம் கடந்த செயல், ஏனெனில் எழுத்துகளை எப்படிக் கையாள்வது என்பதை லைப்ரரி தொடக்கத்திலேயே முடிவு செய்துவிடுகிறது. இந்த வரியை விட்டுவிட்டதால் என் நிரலில் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் புரியாத குறிகளாகக் கொட்டின. இத்துடன், நிரலோடு லைப்ரரியை இணைக்கும் லிங்கரிடம் சாதாரண என்கர்சஸுக்குப் பதிலாக, பெயரின் கடைசியில் டபிள்யூ சேர்ந்த அகல எழுத்துப் பதிப்பைக் கேட்க வேண்டும்.

அடுத்தது இனிட்ஸ்க்ர். டெர்ம் என்ற சூழல் மாறியைப் படித்து, அந்தப் பெயருக்குரிய விவரத்தை, டெர்மினல்களின் விவரங்கள் அடங்கிய டெர்மின்ஃபோ தொகுப்பில் தேடி எடுத்து, எஸ்டிடிஸ்க்ர் என்னும் முழுத்திரைச் சாளரத்தை அது உருவாக்குகிறது. லைன்ஸ், கால்ஸ் ஆகிய மாறிகளில் வரிசை, நெடுவரிசை எண்ணிக்கைகளும் அப்போதுதான் நிரம்புகின்றன. தோல்வியடைந்தால் நல் என்னும் வெற்றுச் சுட்டி திரும்பி வரும் என்று எண்ணிப் பலர் சரிபார்ப்பு எழுதுகிறார்கள். அது பயனற்றது, ஏனெனில் இனிட்ஸ்க்ர் தானே ஒரு பிழைச் செய்தியை எழுதிவிட்டு நிரலையே முடித்துவிடும். பிழையை நீங்களே கையாள வேண்டுமானால் நியூடெர்மை அழையுங்கள். அது நல் திருப்பித் தரும், வெளியீடு எந்தக் கோப்பின் வழியாகப் போக வேண்டும் என்பதையும் நீங்களே சொல்லலாம். குறித்த நேரத்தில் நிரல்களை ஓட்டும் கிரான் வழியாக ஓடும்போது டெர்ம் மாறி இல்லாமல் நிரல் நின்றுபோவதும், தொலைவிலுள்ள சர்வரில் உங்கள் டெர்மினலின் பெயருக்கு டெர்மின்ஃபோ விவரம் இல்லாமல் நின்றுபோவதும் இந்த இடத்தில்தான்.

இனிட்ஸ்க்ர் வெற்றி பெற்றபின் சிபிரேக், நோஎக்கோ, கீபேட் ஆகிய மூன்றையும் அழையுங்கள். சிபிரேக் இல்லாவிட்டால் எண்டர் தட்டும்வரை எந்த எழுத்தும் நிரலுக்கு வந்து சேராமல் போகலாம்; நோஎக்கோ இல்லாவிட்டால் தட்டிய எழுத்து நீங்கள் வரைந்ததன் மேலேயே விழும். கீபேட் இல்லாவிட்டால் மேல்நோக்கிய அம்புக்குறி ஒரே விசையாக வராமல், பெரும்பாலான டெர்மினல்களில் 27-இல் தொடங்கும் மூன்று பைட்டுகளாக வரும். இம்மூன்றையும் இனிட்ஸ்க்ருக்கு முன் எழுதிவைத்துவிட்டு வேலை செய்யவில்லையே என்று தவிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எஸ்டிடிஸ்க்ரே பிறக்காதபோது அதன் கீபேடை யார் இயக்குவது? வண்ணம் தேவையெனில் ஸ்டார்ட்_கலரும் இந்த இடத்திற்கே உரியது. அதைப் பற்றி வேறு சொல்ல ஒன்றுமில்லை.

இப்போது உங்கள் வெறுந்திரை. இதில் லைப்ரரியின் பிழை ஏதும் இல்லை. கெட்ச் செய்யும் ஒரு காரியம் வெளியே தெரிவதில்லை, அவ்வளவுதான். கெட்ச் என்பது எஸ்டிடிஸ்க்ரின் மேல் உள்ளீடு கேட்கும் அழைப்பு. அந்தச் சாளரத்தில் இன்னும் திரைக்குப் போகாத மாற்றம் இருந்தால், காத்திருக்கத் தொடங்குமுன் அது தானாகவே ரெஃப்ரெஷ் செய்துவிடும். புதிதாகப் பிறந்த எஸ்டிடிஸ்க்ரின் எல்லா வரிகளும் மாறியவை என்றே குறிக்கப்பட்டிருக்கின்றன. எனவே அதன் முழு வெறுமையும் உங்கள் பாக்ஸ் சட்டத்தின் மேல் பூசப்படுகிறது. நீங்கள் வரைந்த சட்டம் ஒரு கணம் மின்னி மறைகிறது, பல நேரம் கண்ணில் படுவதுகூட இல்லை. தீர்வு ஒரே வரி: தொடக்க அழைப்புகள் முடிந்தவுடன், வேறு எந்தச் சாளரத்தையும் வரையுமுன், ரெஃப்ரெஷை ஒருமுறை அழைத்து எஸ்டிடிஸ்க்ரின் கணக்கைத் தீர்த்துவிடுங்கள். அதன்பின் உங்கள் சாளரத்தை வரைந்து, அதற்குரிய டபிள்யூரெஃப்ரெஷை அழையுங்கள். உள்ளீட்டையும் கெட்ச் மூலம் அல்லாமல், டபிள்யூகெட்ச் மூலம் அந்தச் சாளரத்திலேயே கேளுங்கள். அப்படிக் கேட்பதானால் கீபேடையும் அந்தச் சாளரத்திற்குத் தனியாக இயக்க வேண்டும்; அது சாளரத்துக்குச் சாளரம் வேறான அமைப்பு.

இரண்டாவது சிக்கலுக்கு வருகிறேன். இனிட்ஸ்க்ரும் சிபிரேக்கும் டெர்மினலின் அமைப்பையே மாற்றுபவை. நிரல் போனாலும் அந்த மாற்றம் போவதில்லை. எண்ட்வின் அழைத்தால்தான் பழைய நிலை திரும்பும். நடுவில் எக்ஸிட் அழைத்துவிட்டால் அது நடக்காது என்பதால், நிரல் முடியும்போது ஓட வேண்டியதைக் குறித்துக்கொள்ளும் ஏட்எக்ஸிட் மூலம் எண்ட்வினைப் பதிந்துவைப்பது நல்லது. எண்ட்வின் ஒரு முழு எண்ணைத் திருப்பித் தருவது, ஏட்எக்ஸிட் எதையும் திருப்பாத செயற்கூற்றைக் கேட்பது. ஆகவே எண்ட்வினை நேரடியாகக் கொடுக்காமல், அதை உள்ளே அழைக்கும் ஒரு சிறு செயற்கூற்றை எழுதிக் கொடுங்கள். கண்ட்ரோல்-சி அடித்து நிறுத்துவதற்கு நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. அந்தச் சிக்னலுக்கு நீங்கள் எதுவும் அமைக்காதவரை என்கர்சஸ் தானே அதைப் பிடித்துத் திரையைச் சீர்செய்துவிட்டு வெளியேறும். தவறான நினைவக இடத்தைத் தொட்டு நிரல் முறியும் செக்மெண்டேஷன் ஃபால்ட் வந்தால் மட்டும் ஏட்எக்ஸிட்டும் ஓடாது, யாரும் காப்பாற்றவும் மாட்டார்கள். அப்போது கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் ரீசெட் என்று ஆங்கிலத்தில் தட்டி எண்டர் அழுத்துங்கள். எண்டர் ஏற்காவிட்டால் கண்ட்ரோலோடு ஜே விசையை அழுத்துங்கள்.

தமிழில் நிரல் எழுதுபவர் என்பதால் நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் வரிசையெல்லாம் சரியாக அமைந்தபின் எனக்கு உண்மையான தலைவலி இதில்தான் தொடங்கியது. பொருளின் பெயருக்கு 20 இடம் ஒதுக்கி, அதன் வலப்பக்கம் விலை வருமாறு பிரிண்ட்டபிள்யூவில் வடிவச் சரம் எழுதியிருந்தேன். "ஈயம்" என்ற வரியில் விலை ஓரிடத்திலும், "நைலான் கயிறு" என்ற வரியில் வேறிடத்திலும் நின்றது. காரணம், அந்த 20 என்பது எழுத்துகளை எண்ணாமல் பைட்டுகளை எண்ணுகிறது. யூடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட்டுகள். "ஈயம்" நான்கு குறியீடுகள், 12 பைட்டுகள், எனவே 8 இடைவெளிகள் சேர்ந்தன. "நைலான் கயிறு" கண்ணுக்கு ஆறே எழுத்துகள், ஆனால் இடைவெளியோடு சேர்த்து 34 பைட்டுகள், எனவே ஓர் இடைவெளிகூடச் சேரவில்லை.

இதற்கு டபிள்யூசிஎஸ்விட்த் என்னும் செயற்கூற்றால் அகலத்தை அளப்பதே முறையான வழி. ஆனால் அதுவும் முழுத் தீர்வன்று. புள்ளிக்குச் சுழியம், இன்ன குறிக்கு ஓர் இடம் என்று லைப்ரரி ஒரு கணக்கு வைத்திருக்க, டெர்மினலும் எழுத்துருவும் வேறு கணக்கில் வரைந்தால், அந்தப் பெயருக்கு வலப்புறம் உள்ள அனைத்தும் நகர்ந்துவிடும். பல டெர்மினல்களில் முயன்று சலித்தபின், ஒவ்வொரு வரியிலும் எண், இருப்பு, விலை ஆகியவற்றை முதலில் வைத்து, தமிழ்ப் பெயரைக் கடைசிப் பத்தியாகத் தள்ளிவிட்டேன். வலப்புறம் எதுவும் இல்லாதபோது நகர்வதற்கும் எதுவும் இல்லை. சித்தப்பாதான், "ஏண்டா, வெலை முன்னாடி, பேரு பின்னாடியா? எந்தக் கடையிலடா இப்படி நோட்டு எழுதுறாங்க?" என்று இரண்டு நாள் கேட்டுக்கொண்டிருந்தார்.

இவ்வளவும் செய்தபின் லிங்கர் மறுத்தால், லைப்ரரியின் பெயரை கம்பைல் கட்டளையில் மூலக் கோப்பிற்குப் பின்னால் எழுதியிருக்கிறீர்களா என்று பாருங்கள். கீபேட், சிபிரேக் போன்ற சில பெயர்கள் மட்டும் கிடைக்கவில்லை என்று சொன்னால், உங்கள் லினக்ஸில் அவை டின்ஃபோ என்ற தனி லைப்ரரியில் இருக்கின்றன, அதையும் கடைசியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.