பிடியரிசிக் கணக்கு

அன்புள்ள அண்ணன்,

சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) போதகராக இருந்த என் அப்பா போன மாதம் காலமானார். போன ஊரிலெல்லாம் பள்ளி, விடுதி, மருந்தகம் என்று கட்டினார். நினைவு மலர் போடுகிறோம், பிரதியை இணைத்திருக்கிறேன். 'ஐயர் (போதகரை அப்படித்தான் அழைப்போம்) சமூக சேவைதான் செய்தார், ஆத்தும ஆதாயம் (ஆட்களைக் கிறிஸ்துவிடம் கொண்டுவருவது) செய்யவில்லை' என்கிறார்கள் சபையில் சிலர். எது பெரிது? பேராயர் தேர்தல் வழக்குகளைப் பற்றியும் எழுதுங்களேன்.

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

அப்பா போன துக்கத்தோடு இந்தப் பேச்சையும் கேட்க வேண்டியிருக்கிறதே. மனசு கஷ்டமாக இருக்கிறது. தேர்தல் வழக்குகளை வக்கீல்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

கொஞ்ச நாளாக எனக்கு அசரியா நினைப்புதான். 1874இல் வெள்ளாளன்விளையில் பிறந்தவர், 1912இல் முதல் இந்திய ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை வழி) பேராயர். இதெல்லாம் எல்லா மலரிலும் வரும். வராதது பணக் கணக்கு. 1903இல் அவரும் நண்பர்களும் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியபோதே, இந்தியர் பணத்தில்தான் நடத்துவது என்று வைத்துக்கொண்டார்கள். அதன் ஊழியராகத்தான் தெலுங்கு படித்துத் தெலுங்கு நாட்டுத் தோர்னக்கல்லுக்குப் போனார். 1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் வெள்ளைக்காரர்களிடம், பொருளைக் கொடுத்தீர்கள், நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டவரும் அவரே. தோர்னக்கல்லில் சபைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா என்ற தலித் சாதிகளைச் சேர்ந்த ஏழைகள். அவர்களிடமும் காணிக்கை கேட்டார். இல்லாதவனிடம் கேட்பதா என்று உங்களுக்குக் கோபம் வரலாம். வாங்கியே பழக்கப்படுத்தப்பட்டவனிடம் 'நீயும் கொடு' என்று சொல்ல அவன்மேல் எவ்வளவு மரியாதை வேண்டும்!

என் பாட்டி உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைக் கலயத்தில் போடுவாள், கஞ்சிக்கே இழுபறியான நாளிலும். ஏன் என்று கேட்டால், "எனக்கும் ஆண்டவருக்கும் கணக்கு இருக்கு, நீ போலே" என்பாள். ஞாயிற்றுக்கிழமை அந்த அரிசியோடு கோயிலுக்குப் போகையில் அவள் நடையே வேறு. பண்ணையார் எதிரே வந்தாலும் ஒதுங்க மாட்டாள்.

மலரைப் பார்த்தேன். எரிச்சல்தான் வந்தது. கட்டடம், சதுர அடி, திறந்து வைத்தவர், வெளிநாட்டிலிருந்து வந்த தொகை. இதென்ன காண்டிராக்டர் பில்லா? அந்த ஊர் ஜனம் என்ன கொடுத்தது, யார் மண் சுமந்தார்கள், யார் வீட்டில் உங்கள் அப்பா சாப்பிட்டார்? ஒரு வரி இல்லை. பெற்ற மகனே இப்படி எழுதினால் சபையார் பேசத்தான் செய்வார்கள். அச்சகத்தில் அவகாசம் கேளுங்கள். அவர் ஊழியம் செய்த ஊர்களுக்குப் போய் வயதானவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். அதற்கு முன்னால் அம்மாவிடம் கேளுங்கள், அவர்களைப் பற்றியும் மலரில் ஒன்றும் காணோம்.